ஆய்வேடு அலுவலகக் கோப்பு அன்று: ஷோத்கங்காவின் மர அடுக்கும் கண்ணுக்குத் தெரியாமற்போகும் இந்திய மொழி ஆய்வுகளும்

தோல்பாவைக்கூத்தை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள விரும்பும் ஒரு மாணவரை எண்ணிப் பார்க்கலாம். இதே பொருளில் இதுவரை யார், எங்கே, என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அறிவதே அவருடைய முதல் வேலை. அதற்கென்றே நாட்டில் ஒரு பொதுக் களஞ்சியம் இருக்கிறது: காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா. மாணவர் தேடல் பெட்டியில் ‘தோல்பாவைக்கூத்து’ என்று உள்ளிடுகிறார். ஒன்றிரண்டு வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். உடனே ஆய்வு முன்வரைவில் ஒரு வாக்கியம் பிறந்துவிடுகிறது: ‘இத்தலைப்பில் விரிவான ஆய்வு இதுவரை நிகழ்த்தப்பெறவில்லை.’ அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ‘கிடைக்கவில்லை’ என்பது அந்த வாக்கியத்தில் ‘இல்லை’ என்று மாறிவிட்டது. இந்திய மொழித்துறைகளில் ஒரே ஆய்வு மூன்று முறை, நான்கு முறை நிகழ்வதற்கான கதவு இவ்விடத்தில்தான் திறக்கிறது.

இதற்கு மாணவரின் சோம்பலைக் காரணம் காட்டுவது எளிது. நெறியாளர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் உண்மையான பிழை வேறிடத்தில் இருக்கிறது. ஆவணத்தைப் பெற்று வைப்பதும், வேண்டியவர் வேண்டியபோது அதை அடையும்படி செய்வதும் இருவேறு பணிகள். முதற்பணியை இந்திய உயர்கல்வி அமைப்பு ஓரளவு நன்றாகவே செய்திருக்கிறது. இரண்டாம் பணியை இன்னும் தன் பணியாகவே அது ஏற்றுக்கொள்ளவில்லை. இந்தப் புறக்கணிப்பின் விலையை ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆய்வேடுகளைக் காட்டிலும் தமிழ், இந்தி, மராத்தி, கன்னட ஆய்வேடுகள் பன்மடங்கு அதிகமாகக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

முதலில் நியாயம் பேசவேண்டும். ஷோத்கங்காவுக்கு முன்னால் ஆய்வேடு என்பது பூட்டிய பீரோவில் கிடந்த பொருள். பார்க்க வேண்டுமானால் துறைத்தலைவருக்குக் கடிதம் எழுதி, ரயிலேறிச் சென்று, நூலகர் விடுப்பில் இல்லாத நாளாகப் பார்த்து நுழைய வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு நெறிமுறை ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைப்பதைக் கட்டாயமாக்கியது. 2016, 2022 ஆகிய ஆண்டுகளின் நெறிமுறைகளும் அதைத் தொடர்ந்தன. இன்று பல இலட்சம் ஆய்வேடுகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இதைச் சாதனை என்று சொல்லத் தயங்கவேண்டியதில்லை. ஆனால் 2022ஆம் ஆண்டு நெறிமுறை மின்படியைக் கேட்பதே மற்ற நிறுவனங்களும் அதை அணுகவேண்டும் என்பதற்காகத்தான். அந்த நோக்கத்தை அளவுகோலாகக் கொண்டால் இந்தச் சாதனை பாதியில் நிற்கிறது.

களஞ்சியத்தின் அமைப்பைச் சற்றுக் கூர்ந்து பார்க்கவேண்டும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நூலகமும் ஹியூலட் பேக்கார்டு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கி 2002இல் வெளியிட்ட டிஸ்பேஸ் என்னும் கட்டற்ற மென்பொருளின்மீது ஷோத்கங்கா இயங்குகிறது. அந்த மென்பொருளின் உலகம் ஒரு மரம். உச்சியில் சமூகம், அதன்கீழ்த் துணைச்சமூகம், அதன்கீழ்த் தொகுப்பு, தொகுப்புக்குள் உருப்படி, உருப்படிக்குள் கோப்புகள். இந்திய வழக்கில் இது பல்கலைக்கழகம், துறை, ஆய்வேடு, இயல்வாரியான கோப்புகள் என்று ஆகியிருக்கிறது. அதாவது ஆய்வேடு எதைப் பற்றியது என்பதை அல்ல, எந்த அலுவலகத்திலிருந்து வந்தது என்பதையே இந்த மரம் சொல்கிறது. இது ஒப்படைப்பவரின் வசதிக்கான வரிசை. தேடுபவரின் வசதிக்கானது அன்று.

தோல்பாவைக்கூத்தைத் தேடும் மாணவர் இந்த மரத்தில் எந்தக் கிளையில் ஏறுவார்? அந்த ஆய்வு தமிழ்த்துறையில் நிகழ்ந்திருக்கலாம். நாட்டார் வழக்காற்றியல் துறையில், நிகழ்கலைத் துறையில், மானுடவியலில், வரலாற்றில், இதழியலில்கூட நிகழ்ந்திருக்கலாம். ஒரு கணக்குக்காக 500 பல்கலைக்கழகங்கள், ஒவ்வொன்றிலும் பொருந்தக்கூடிய 5 துறைகள் என்று வைத்துக்கொண்டால், அவர் திறந்து மூடவேண்டிய பட்டியல்கள் 2,500. ஒரு பட்டியலுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 83 மணிநேரத்துக்கு மேல் ஆகும். இதைச் செய்து முடித்த பிறகும் தலைப்பில் கூத்தின் பெயர் இல்லாத, ஆனால் ஓர் இயல் முழுவதும் அதையே பேசும் ஆய்வேடு அவர் கண்ணில் படாது.

கிளைகளும் நிலையானவை அல்ல. 1990இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றியது; அதற்குமுன் அப்பகுதிக் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் இருந்தன. ஆகவே குமரி மாவட்டக் கலைகளைப் பற்றிய ஆய்வுகளுள் அதற்கு முந்தையவற்றை ஒரு கிளையிலும் பிந்தையவற்றை வேறொரு கிளையிலும் தேடவேண்டும். மராத்வாடா பல்கலைக்கழகம் 1994இலும், புணே பல்கலைக்கழகம் 2014இலும் பெயர் மாறின. ஒரே பொருளுக்குரிய துறை ஓரிடத்தில் தமிழியல், ஓரிடத்தில் தமிழ் இலக்கியம், வேறோரிடத்தில் இந்திய மொழிகள் மையம். பல்கலைக்கழக வரலாற்றை நெட்டுருப் போட்டவர்தான் ஆவணத்தை எடுக்கமுடியும் என்றால், அது களஞ்சியம் அன்று. உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் வழி தெரிந்த சந்து.

ஓர் ஆவணத்துக்கு ஒரே இடம் என்னும் கட்டாயம் புத்தக அலமாரியிலிருந்து வந்தது. ஒரு புத்தகம் ஒரே நேரத்தில் இரண்டு தட்டுகளில் இருக்கமுடியாது என்பது பௌதிக உண்மை. அந்தக் கட்டாயத்துக்குள்ளேயே வாழ்ந்துகொண்டு அதை மீறும் வழியைக் கண்டவர் சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டவர். 1933இல் கோலன் பகுப்பு முறையைத் தந்தவர். ஒரு நூலின் பொருளை முன்கூட்டியே வரைந்த மரத்தின் ஒற்றைக் கிளையில் தொங்கவிடாமல், அதன் பல முகங்களாகப் பிரித்து, அந்த முகங்களைச் சேர்த்துப் பொருளை வரையறுக்கலாம் என்பதே அவருடைய பங்களிப்பின் சாரம். எதைப் பற்றியது, எப்பொருளால் ஆனது, என்ன செயல், எவ்விடம், எக்காலம் என்னும் ஐந்து முகங்கள். தோல்பாவைக்கூத்து ஆய்வு ஒன்றில் கலைவடிவம், பதப்படுத்திய தோல், நிகழ்த்துதல், குமரி மாவட்டம், இருபதாம் நூற்றாண்டு என்று ஐந்து கைப்பிடிகள் இருக்கின்றன. எந்தப் பிடியைப் பிடித்தாலும் ஆவணம் கைக்கு வரவேண்டும். வாசகரின் நேரத்தைச் சேமிப்பது அவருடைய நான்காம் விதி. அவரைத் தந்தை என்று போற்றும் நாட்டின் ஆய்வேட்டுக் களஞ்சியம், அலமாரி இல்லாத கணினிக்குள் அலமாரியின் குறைபாட்டை மட்டும் கொண்டுவந்து நட்டிருப்பது வேதனையான முரண்.

இதற்கு மென்பொருளைப் பழிசொல்ல முடியாது. டிஸ்பேசில் ஓர் உருப்படிக்கு உரிமைத் தொகுப்பு ஒன்றே என்றாலும், அதே உருப்படியை வேறு தொகுப்புகளிலும் இணைத்துக் காட்டும் வசதி உண்டு. ஷோத்கங்காவில் ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் 10603 என்ற முன்னொட்டோடு ஒரு நிலையான எண் தரப்படுகிறது. அந்த எண்ணில் பல்கலைக்கழகத்தின் பெயரும் இல்லை, துறையின் பெயரும் இல்லை. அதாவது ஆவணத்தின் அடையாளம் மரத்தைச் சார்ந்ததன்று என்பதை இயந்திரம் ஏற்கெனவே அறிந்திருக்கிறது. நிர்வாகத்தின் மனப்பழக்கம் மட்டும் அறியவில்லை.

மரத்தில் ஏறாமல் ஆவணத்தை எடுக்கும் வழி அடைவு. இது தமிழ் ஆய்வுலகத்துக்குப் புதிதன்று. 1966இல் சென்னைப் பல்கலைக்கழகம் ந. சுப்பிரமணியனின் பல்லவர் காலத்துக்கு முந்தைய தமிழ்ச் சொற்களுக்கான அடைவை வெளியிட்டது; அதையடுத்துப் புதுச்சேரியின் பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தது. ஒரு சொல்லைச் சொன்னால் அது வரும் இடங்கள் அனைத்தும் ஒரே வரியில் கிடைக்கும். கணினித் தேடுபொறி செய்வதும் இதைத்தான்: ஆவணங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல், சொல்லிலிருந்து ஆவணத்துக்குச் செல்லும் அடைவை முன்கூட்டியே கட்டி வைத்துக்கொள்கிறது. மரத்தில் நடந்து தேடினால் ஆவணங்கள் பெருகப் பெருக வேலையும் பெருகும். அடைவில் தேடினால் அந்தப் பெருக்கம் தேடுபவரை அதிகம் தொடாது. ஆனால் அடைவுக்குச் சொல் வேண்டும். இந்திய மொழி ஆய்வேடுகளின் நோய் இவ்விடத்தில் இன்னும் ஆழமாக இறங்குகிறது. அந்தக் கோப்புகளில் பலவற்றில் சொல்லே இல்லை.

பழைய ஆய்வேடுகள் பக்கம் பக்கமாக ஒளிவருடப்பட்டவை. மனிதக் கண்ணுக்கு அவை தமிழ். கணினிக்கு அவை புகைப்படம். எழுத்துணரி கொண்டு எழுத்தாக மாற்றப்படாதவரை அவற்றில் அடைவு கட்ட ஒன்றுமில்லை. அடுத்த தலைமுறை ஆய்வேடுகள் கணினியில் தட்டச்சானவைதான். ஆனால் ஒருங்குறியில் அல்ல. பாமினி போன்ற எழுத்துருக்களில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிவதன் அடியில் கோப்பில் இருப்பது ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். இந்தியில் பரவலாகப் பயன்பட்ட கிருதி தேவ் எழுத்துருவில் ‘ஹிந்தி’ என்னும் சொல்லின் அடியில் இருப்பவை எஃப், ஜி, யு, என், ஹெச். எழுத்துரு ஒரு முகமூடி. அதைக் கழற்றினால் அடியில் மொழியே இல்லை. இந்திய மொழிகளில் எழுதப்பட்ட எத்தனையோ ஆண்டுகளின் உழைப்பு இப்படிப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் கணினிகளில் உறங்குகிறது.

ஒருங்குறிக்கு வந்த பிறகும் சிக்கல் தீரவில்லை. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு வேறுபாடு இல்லை. இயல்பாக்கம் செய்யப்படாத தேடலுக்கு அவை இருவேறு சொற்கள். ஔவையாரின் முதலெழுத்தைத் தனி உயிரெழுத்தாக உள்ளிடுவோர் உண்டு. ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்து அதே தோற்றத்தைப் பெறுவோரும் உண்டு. முன்னதைத் தேடினால் பின்னது வராது. ஒரு புலவரின் பெயர் தட்டச்சுப் பழக்கத்தின்படி இரண்டு புலவர்களாகிவிடுகிறது.

இலக்கணம் அடுத்த சிக்கலைக் கொண்டுவருகிறது. ஆங்கிலத்துக்கு உருவான எளிய தேடல், சொல் ஏறத்தாழ ஒரே வடிவில் நிற்கும் என்று எதிர்பார்க்கிறது. தமிழ்ப் பெயர்ச்சொல் அப்படி நிற்பதில்லை. ‘மரம்’ அத்துச் சாரியையும் வேற்றுமை உருபும் ஏற்று ‘மரத்தில்’, ‘மரத்தை’, ‘மரத்தால்’ ஆகிறது. வருமொழிக்கு ஏற்ப ஒற்று மிகுந்து ‘மரத்தைப்’ என்றும் ‘மரத்தைத்’ என்றும் ஆகிறது. இலக்கணம் அறியாத தேடலுக்கு இவை ஒவ்வொன்றும் தனிச்சொல். புணர்ச்சியும் சொல்லிடைவெளியும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். தோல்பாவைக்கூத்து, தோற்பாவைக்கூத்து, தோல் பாவைக் கூத்து, தோற்பாவை நிழற்கூத்து, நிழற்பாவைக் கூத்து என்று எழுதுபவர் எத்தனை பேரோ அத்தனை வடிவங்கள். முதல் வடிவத்தை மட்டும் தேடிய மாணவர் மற்றவற்றை இழக்கிறார். இழந்தது அவருக்குத் தெரியவும் தெரியாது.

கோப்பு ஊமையாக இருந்தாலும் மீதரவாவது பேசவேண்டும். தலைப்பு, ஆய்வாளர், நெறியாளர், குறிச்சொற்கள் ஆகியவற்றைக் கொண்ட அந்தச் சிறு பதிவுதான் தேடுபவருக்குக் கடைசி நம்பிக்கை. அதில் தமிழ்த் தலைப்பைத் தமிழெழுத்தில் தராமல் ரோமன் எழுத்தில் மட்டும் தரும் பழக்கம் தொற்றிக்கொண்டிருக்கிறது. ‘சிலப்பதிகாரம்’ என்பதை ரோமனில் எழுத முதலெழுத்துக்கு இரண்டு வழி, பகரத்தை இரட்டிப்பதா என்பதில் இரண்டு வழி, தகரத்துக்கு நான்கு வழி, ககரத்துக்கு இரண்டு வழி, நெடிலைக் காட்டுவதா என்பதில் இரண்டு வழி. பெருக்கினால் 64. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் எழுத்துப்பெயர்ப்பு முறை ஏறத்தாழ நூறாண்டாக இருக்கிறது. ஐஎஸ்ஓ 15919 என்னும் பன்னாட்டுத் தரம் 2001 முதல் இருக்கிறது. இரண்டையும் விட்டு, பதிவேற்றுபவரின் அன்றைய செவியுணர்வுக்கு ஒரு காப்பியத்தின் பெயரை ஒப்படைத்திருப்பது எளிமை அன்று, பொறுப்பின்மை.

குறை உள்ளூரோடு நிற்பதுமில்லை. கரக்பூர் ஐஐடி உருவாக்கிய இந்தியத் தேசிய மின்னூலகம் போன்ற திரட்டிகள் பிற களஞ்சியங்களின் மீதரவைத் திரட்டி ஒரே சாளரத்தில் தருபவை. ஊற்றுக்கண்ணில் பிழையான பதிவு எத்தனை வாய்க்கால்களில் ஓடினாலும் பிழையாகவே ஓடும்.

தோல்பாவைக்கூத்துக்கே திரும்பலாம். அது தமிழகத்தின் தனிச்சொத்து அன்று. கேரளத்தில் தோல்பாவக்கூத்து, ஆந்திரத்தில் தோலு பொம்மலாட்ட, கர்நாடகத்தில் தொகலு கொம்பெயாட்ட, ஒடிசாவில் ராவணச்சாயா, மராட்டியத்தில் சாமடியாச்சியா பாஹுல்யா. ஆறு மொழிகளில் ஆறு பெயர்களோடு வாழும் ஒரே குடும்பம். இந்தியாவில் ஒப்பாய்வு என்று ஒன்று உண்மையில் நடக்கவேண்டுமானால், ஒரு பெயரைச் சொன்னதும் மற்ற ஐந்தும் எழுந்து வரவேண்டும். பல்கலைக்கழகவாரியான மரத்தால் அது ஒருநாளும் முடியாது. மரம் அவற்றை ஆறு மாநிலங்களில் பிரித்து வைப்பதற்கென்றே அமைந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், அந்த எண்ணின்கீழ் எல்லா மொழிப்பெயர்களும் என்று அமையும் ஒரு பொருட்சொல் பட்டியலால் அது முடியும். மொழிகளுக்கிடையே பாலம் என்று மேடைதோறும் பேசுபவர்கள் இந்தப் பட்டியலைக் கட்டும் வேலையில் இறங்காதது ஏன்?

மறுப்புகள் வரும். முதலாவது, பொறுப்புடைமைக்கு மரம் வேண்டும் என்பது. எந்தப் பல்கலைக்கழகம் எத்தனை ஆய்வேடுகள் ஒப்படைத்தது என்று கணக்கெடுக்க வேண்டாமா? வேண்டும்தான். மரத்தை வெட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நிறுவனம் என்பதும் ஓர் ஆவணத்தின் பண்புகளுள் ஒன்று. அதன்வழியாகவும் பார்க்கலாம், பொருள்வழியாகவும் மொழிவழியாகவும் பார்க்கலாம் என்பதே கோரிக்கை. கணக்கு எழுதுபவருக்கு உதவும் பார்வையையே ஆய்வாளருக்கான வாசலாகவும் ஆக்கியதுதான் தவறு.

இரண்டாவது மறுப்பு இன்று மிகுந்த செல்வாக்குடையது: ‘பொதுத் தேடுபொறி இருக்கிறது, செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி அடைவும் குறிச்சொல்லும் எதற்கு?’ புகைப்படமாகவும் முகமூடி எழுத்துருவாகவும் கிடக்கும் ஆய்வேட்டை, யாரேனும் ஒருவர் எழுத்தாக மாற்றித் தராமல் எந்த நுண்ணறிவும் படிக்காது. படிக்காததைப் பற்றி அது மௌனமாக இருந்தாலாவது நன்று. இருப்பதைக் காணாமல் இல்லாததைச் சொல்லும் ஆபத்தும் அதில் உண்டு. புதிய கருவி பழைய கடமையை ரத்துசெய்யாது. அதைக் கூடுதல் அவசரமாக்கும்.

மூன்றாவது, ‘ஆங்கிலத்தில் தலைப்பும் சுருக்கமும் தந்தால் போதாதா?’ என்பது. தரட்டும், கூடுதலாகத் தரட்டும். ஆனால் அதுவே போதும் என்பவர் இரண்டு உண்மைகளை மறக்கிறார். நிழல் பொம்மை, தோல் பொம்மை, நிழல் நாடகம் என்று ஆங்கிலத்திலும் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் உண்டு. சிக்கல் இடம்மாறுமே தவிர மறையாது. தமிழில் எழுதிய ஆய்வேட்டைத் தமிழ்ச்சொல்லால் கண்டெடுக்க முடியாது என்னும் நிலையை ஏற்றுக்கொண்டால், அம்மொழியில் ஆய்வு செய்வதே வீண் என்று ஒப்புக்கொண்டதாகும். பிறகு தாய்மொழிவழி உயர்கல்வி பற்றிய அறிக்கைகளுக்கு என்ன பொருள்?

நான்காவது, ஆளில்லை, பணமில்லை என்பது. இது ஓரளவு உண்மை. ஆனால் சொல்லப்படும் அளவுக்கு உண்மையன்று. டிஸ்பேசின் தேடல் சோலர் என்னும் பொறியில் இயங்குவது. சோலர் லூசீன் என்னும் கட்டற்ற நிரல்தொகுப்பின்மீது எழுந்தது. லூசீனில் இந்தி, வங்காளம், தமிழ், தெலுங்கு ஆகியவற்றுக்குச் சொல்லின் விகுதிகளை நீக்கித் தேடும் பகுப்பான்கள் இருக்கின்றன. அவை முழுமையானவை அல்ல. ஆனால் ஒன்றுமில்லாததைவிடப் பன்மடங்கு நல்லவை. டெசராக்ட் என்னும் கட்டற்ற எழுத்துணரி இந்திய மொழிகள் பலவற்றைப் படிக்கிறது. பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்திய மொழிகளுக்கான கணினித் தொழில்நுட்பத்தை வளர்க்க 2022இல் பாஷினி என்னும் திட்டத்தை ஒன்றிய அரசே தொடங்கியிருக்கிறது. கருவிகள் காத்திருக்கின்றன. இல்லாதது அவற்றைச் செலுத்தும் கட்டளை.

இதில் அறப்பிரச்சினையும் அடங்கியிருக்கிறது. கருத்துத் திருட்டைத் தடுக்க மானியக் குழு 2018இல் நெறிமுறை வகுத்தது. ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனையில்லை. 60 விழுக்காட்டைத் தாண்டினால் மாணவரின் பதிவே ரத்து. இந்த எண்களைக் கணக்கிடுவது மென்பொருள். பாமினியில் உறங்கும் ஓர் ஆய்வேட்டிலிருந்து ஓர் இயலை ஒருங்குறியில் அப்படியே தட்டச்சிட்டுத் தந்தால் அந்த மென்பொருள் எதைக் காணும்? மூலம் ஆங்கில எழுத்துக் குவியல், படி தமிழ். ஒப்புமை இல்லை. ஒளிவருடிய படமாக இருந்தால் ஒப்பிடவே ஒன்றுமில்லை. ஆங்கில ஆய்வேட்டின் ஆசிரியருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு தமிழ் ஆய்வேட்டின் ஆசிரியருக்கு இல்லை. திருடியவர் சான்றிதழோடு வெளியேறுகிறார். பறிகொடுத்தவருக்குப் பறிபோனதே தெரிவதில்லை. பத்தாண்டுகள் ஊர் ஊராகச் சென்று கலைஞர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்தவரின் பெயர், அடுத்து வருபவரின் நூற்பட்டியலில்கூட இடம்பெறாமல் போகிறது. அந்தக் கலைஞர்களும் ஒரு பகுதியினர் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் சொன்னவை வேறெங்கும் இல்லை.

ஆனால் குற்றத்தைக் காந்திநகருக்கு மட்டும் அஞ்சலில் அனுப்பிவிட்டு ஆய்வுலகம் கைகழுவிவிட முடியாது. கையெழுத்துப் படியைத் தட்டச்சு மையத்தில் கொடுத்து, அங்கிருப்பவர் எந்த எழுத்துருவில் அடித்தாலும் சரி என்று வாங்கிவந்தவர் ஆய்வாளர்தான். குறிச்சொற்கள் கேட்டபோது ‘தமிழ், இலக்கியம், ஆய்வு’ என்று மூன்று சொற்களைப் பூர்த்தி செய்தவரும் அவரே. பக்க ஓரங்களின் அளவையும் அட்டையின் நிறத்தையும் கண்டிப்போடு சோதித்த நெறியாளர், கோப்பிலிருந்து ஒரு வரியைப் படியெடுத்து ஒட்டினால் தமிழாக வருகிறதா என்று ஒருமுறையும் சோதித்ததில்லை. பதிவாளர் அலுவலகம் குறுந்தகடு வந்ததா என்று பார்த்தது. அதில் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. எல்லோருக்கும் ஆய்வேடு ஒப்படைத்துத் தீர்க்கவேண்டிய ஒரு கோப்பாகவே இருந்திருக்கிறது.

செய்யவேண்டியவை மறைபொருள் அல்ல. முதலாவது, எழுத்தை எழுத்தாகப் படிக்கமுடியாத கோப்பை ஏற்கக்கூடாது. இதைப் பதிவேற்றும்போதே இயந்திரம் சோதிக்கலாம். இரண்டாவது, தலைப்பும் சுருக்கமும் மூலமொழியின் எழுத்திலும், ஒரே தரமான எழுத்துப்பெயர்ப்பிலும், ஆங்கில மொழிபெயர்ப்பிலும் கட்டாயமாக இடம்பெறவேண்டும். மூன்றாவது, பொருள், இடம், காலம், மொழி ஆகிய முகங்கள் தனித்தனிப் புலங்களாகவும், அவற்றின் சொற்கள் பன்மொழிப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவையாகவும் இருக்கவேண்டும். நான்காவது, தேடலில் இந்திய மொழிகளுக்கான இயல்பாக்கமும் விகுதி நீக்கமும் இயங்கவேண்டும். ஐந்தாவது, பழைய எழுத்துருக் கோப்புகளையும் ஒளிவருடிய கோப்புகளையும் மொழிவாரியாக மாற்றும் பணியை மொழித்துறைகளிடம் நிதியோடு ஒப்படைக்கவேண்டும். மொழியியலும் கணினியும் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல களப்பணி வாய்க்காது. ஆறாவது, மீதரவு முழுவதையும் ஆய்வாளர்கள் மொத்தமாகப் பெற்றுச் சோதிக்கும்படி திறந்து வைக்கவேண்டும்; குறைகளை வெளியிலிருந்தும் கண்டு சொல்லமுடியும்.

இவற்றுக்கெல்லாம் ஆணை வரும்வரை காத்திருக்கவேண்டிய தேவையும் இல்லை. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்கும் வினாக்களோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். தேர்வு மேசையில் கணினியைத் திறந்து, ஆய்வேட்டின் கோப்பில் ஏதேனும் ஒரு பக்கத்தை எடுத்து, அதன் மையச்சொல்லை மூன்று வடிவங்களில் தேடச் சொல்லலாம்: தனிச்சொல்லாக ஒருமுறை, வேற்றுமை உருபோடு ஒருமுறை, ரோமன் எழுத்தில் ஒருமுறை. மூன்றில் ஒன்றுக்கும் கோப்பு விடைதரவில்லை என்றால், எழுத்தைத் திருத்திக் கொண்டுவந்து ஒப்படைத்த பின்னரே பட்டம் என்று அறிக்கையில் எழுதலாம். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தை ஒரு துறை இவ்வாண்டு தொடங்கினாலும், அடுத்த ஆண்டு தோல்பாவைக்கூத்தைத் தேடிவரும் மாணவர் தம் முன்வரைவில் ‘நிகழ்த்தப்பெறவில்லை’ என்று எழுதுவதற்கு முன் ஒருவரையேனும் படித்திருப்பார்.